கிளிக் கேட்டது, படம் விழவில்லை!

ஊட்டி ஏரிக்கரை. காலை ஏழு மணி. பனி இன்னும் கலையவில்லை. என் தோளில் அப்பா காலத்து 35 எம்.எம். கேமரா. முந்தின வாரம்தான் சென்னையில் மொட்டைமாடியில் வைத்து எல்லா வேகத்திலும் தட்டிப் பார்த்து, 'ஜோராக ஓடுகிறது' என்று நானே அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தேன். வெளிச்சம் குறைவாக இருந்ததால் வேகத்தை 1/15-இல் வைத்து அழுத்தினேன். 'க்ளிக்' என்று திறந்தது. மூடுகிற சத்தம் வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று... உள்ளங்கையால் லேசாகத் தட்டியதும், போனால் போகிறது என்பதுபோல 'க்ளக்' என்று மூடிக்கொண்டது. 36 படம் எடுக்கும் ரோலில் 11 படம் இப்படியே போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், சென்னை திரும்பிய மறுநாள் மதியம் அதே கேமரா, அதே 1/15, கடிகாரம் மாதிரி ஓடியது.

காரணம் நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது; சித்திரையில் தொட்டாலே வழியும். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் கேமராவுக்குள் இட்ட எண்ணெயும் கிரீஸும் இப்போது பாதிப் பசையாகிவிட்டன. சென்னை வெயிலில் அந்தப் பசை இளகிக் கொடுக்கிறது. ஊட்டிக் குளிரில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. கேமரா கெடவில்லை. அதன் எண்ணெய்தான் கிழடாகிவிட்டது. (1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' பிலிம் சுருளைத் தயாரித்ததும் இதே ஊட்டியில்தான். பிலிமுக்குப் பேர்போன ஊரில் போய் 11 படத்தைப் பறிகொடுத்த பெருமை எனக்கு!)

இந்தக் கதை எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிலிம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. லைக்கா நிறுவனம் தன் பழைய எம்6 கேமராவை 2022-இல் மறுபடி வெளியிட்டது. பென்டாக்ஸ் 2024-இல் 'பென்டாக்ஸ் 17' என்று புத்தம்புது பிலிம் கேமராவையே கொண்டுவந்தது. ஆனால் நம் பிள்ளைகள் கையில் ஏறுவது இவை அல்ல. பீரோ மேல்தட்டில் அந்துருண்டையோடு கிடந்த அப்பாவின் கேமரா. மூடிய ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்த கேமரா. அவற்றை எடுத்தவுடன் வருகிற முதல் புகார் ஒன்றே ஒன்றுதான்: "ஷட்டர் வேலை செய்யலை."

மதகும் கேமராவும்

ஷட்டர் என்றால் நம் ஊரில் கடையை இழுத்துச் சாத்துகிற இரும்புக் கதவு; இல்லாவிட்டால் ஏரியின் மதகு. கேமரா ஷட்டர் இந்த மதகின் உறவுக்காரன். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ, அவ்வளவு வெளிச்சம் பாயும். 1/500 என்றால் ஒரு விநாடியை ஐந்நூறாக வகுத்து, அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூட வேண்டும். அதுவும் பழைய கேமராக்கள் பலவற்றில் பேட்டரி இல்லாமல், வெறும் ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் நம்பி.

ஆரம்பகால ஸ்டுடியோக்களில் ஷட்டரே கிடையாது. "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, மறுபடி மூடுவார்கள். அந்தக் கைதான் ஷட்டர். அதற்கு எண்ணெய் இறுகும் பிரச்சினையும் இல்லை.

பிறகு வந்தவை இரண்டு ரகம். ஒன்று, லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிந்து மூடுவது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபிரீட்ரிக் டெக்கல் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த 'காம்பர்' இந்த ரகத்தின் மூத்த பெயர். கல்யாண வீடுகளில் இடுப்பளவில் பிடித்து, குனிந்து பார்த்து எடுப்பார்களே, அந்த ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மேட் கேமராக்களில் இருப்பது இதுதான். இன்னொன்று, பிலிமுக்கு நேர் முன்னால் ஓடும் திரை ஷட்டர். 1925-இல் சந்தைக்கு வந்த முதல் லைக்காவில் இருந்தது இந்த ரகம். இதில் இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும். இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி மூடும். வேகம் கூடக்கூட இரண்டாவது திரை முன்னதாகவே கிளம்பிவிடும். 1/1000-இல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். பல்லிடுக்கு மாதிரி அந்தச் சந்து பிலிமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடிப்போகும்.

உங்கள் கேமரா எந்த ரகம் என்று தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள். இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

பாதி நோய் நோயே அல்ல

சென்னையில் குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு ரிப்பேர் கடை. அங்கே இருக்கும் பெரியவர் கேமராவை வாங்கியதும் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன சார் ஆச்சு?" இல்லை. "நீங்க என்ன சார் செஞ்சீங்க?" அடுத்து, கேமராவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். தையல் மெஷின் எண்ணெய், துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே என எந்த வாசனை வந்தாலும் அவர் முகம் மாறும்; கூலியும் மாறும்.

அவரிடம் வருகிறவற்றில் கணிசமானவை கேமராவைத் திறக்காமலேயே சரியாகிப் போகின்றன. பிலிமை நகர்த்தும் லீவரைப் பாதியில் விட்டிருப்பார்கள். கடைசிவரை இழுத்தால்தான் ஷட்டர் முறுக்கேறும். உள்ளே பழைய ரோல் முடிந்த நிலையில் மாட்டியிருக்கும். லீவர் நகராது, ஷட்டரும் அடிக்காது. அழுத்தும் பட்டனைச் சுற்றி ஒரு பூட்டு வளையம் இருக்கும், அது பூட்டியிருக்கும். மடக்கு கேமராக்கள் சிலவற்றில் ஒரு படம் எடுத்த பிறகு பிலிமை நகர்த்தினால்தான் பட்டன் மறுபடி இறங்கும். பிலிமின் ஒரே இடத்தில் இரண்டு படம் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பிலிம் போடாமல் சோதிப்பவருக்கோ அது பழுதாகத் தெரிகிறது.

அப்புறம் பேட்டரி. 1976-இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவில் 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையவே அசையாது. அதே 1976-இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த பென்டாக்ஸ் கே1000 நேர்மாறு: பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க இயந்திரம். 1982-இன் நிக்கான் எஃப்எம்2-வும் அப்படியே. 1/4000 வரை பேட்டரி இல்லாமலேயே ஓடும். 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பேட்டரி இல்லாவிட்டாலும் 'கிளிக்' கேட்கும். ஆனால் எப்போதும் 1/500 வேகத்தில்தான் அடிக்கும். வீட்டுக்குள் எடுத்த படமெல்லாம் கரேலென்று இருக்கும். அதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடையில் கிடைக்காது. வேறு பேட்டரியை அடாப்டர் வைத்துத்தான் போட வேண்டும். ஏஇ-1 வைத்திருப்பவர் பேட்டரி போடாமல் "செத்துப்போச்சு" என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும், வாங்கியவர் பேட்டரி போட்டு ஓட்டுவதும் இந்த வியாபாரத்தில் சகஜம்.

கண்ணும் காதும் போதும்

பிலிமைப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊட்டியில் நான் பட்டதற்குப் பிறகு எனக்கு இது பழக்கமாகிவிட்டது.

பின்கதவைத் திறந்து, லென்ஸ் கழலும் கேமராவானால் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்த்து வையுங்கள். முதலில் வேகத்தை 'பி'-இல் வையுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்திருக்க வேண்டும், விட்டால் மூட வேண்டும். அடுத்து 1 விநாடி. உள்ளே பல்சக்கரம் 'கிர்ர்ர்' என்று சீராக ஓடும் சத்தம் கேட்கும். அந்தக் 'கிர்ர்' நடுவில் இழுத்தாலோ, திக்கினாலோ, நின்றாலோ மெதுவேகப் பல்சக்கரத்தில் பசை என்று பொருள். கைக்கடிகாரத்துக்குள் இருப்பது போன்ற அமைப்பு அது. நோயும் கடிகார நோய்தான். பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை திக்கி, பிறகு சரியாக ஓடினால் அது குணமாகிவிட்டது என்று ஏமாந்துவிட வேண்டாம். படம் எடுக்கப் போகும்போது நீங்கள் அழுத்துவது எப்போதும் அந்த முதல் தடவைதான்.

வேகத்தை அளக்க இப்போது எல்லார் பையிலும் கருவி இருக்கிறது. செல்போனில் விநாடிக்கு 240 பிரேம் பதிவாகும் ஸ்லோமோஷன் வைத்து, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி ஷட்டரைப் படம்பிடியுங்கள். 1/30 என்றால் சுமார் எட்டு பிரேமில் திறந்த நிலை தெரிய வேண்டும், 1/60-க்கு நான்கு. அதற்கு மேல் வேகத்தில் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

அதிவேகத்துக்குப் பழைய தலைமுறையிடம் ஒரு தந்திரம் இருந்தது: பிக்சர் டியூப் டிவி. நம் நாட்டு டிவி ஒளிபரப்பில் அப்போது ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். ஆக விநாடிக்கு 15,625 கோடுகள். டிவியை ஓடவிட்டு, கேமராவின் பின்பக்கம் வழியாகப் பார்த்து 1/500-இல் தட்டினால் 31 கோடு அகலத்தில் ஒரு பட்டை பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் ஓடும் திரை ஷட்டரானால் அந்தப் பட்டை சாய்வாக விழும். சாய்வு நேர்கோடாக, ஒரே அகலத்தில் இருந்தால் திரைகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஒரு முனையில் ஒடுங்கினால் சிக்கல். இப்போது பிக்சர் டியூப் டிவியைத் தேடிப் பிடிப்பது கேமராவைத் தேடுவதைவிடக் கஷ்டம் என்பது வேறு கதை.

டிவி இல்லாவிட்டாலும் 1/1000-ஐக் கண்ணாலேயே பிடிக்கலாம். வெளிச்சமான சுவரைப் பார்த்துத் தட்டும்போது முழுச் சட்டமும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டே இருந்தால், முதல் திரை சோம்பி ஓட, இரண்டாவது திரை பின்னால் வந்து அதைப் பிடித்துவிட்டது. நடுவில் சந்தே இல்லாமல் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் அரைகுறை மெக்கானிக்குகள் தவறு செய்கிறார்கள். திரையை இழுக்கும் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் முறுக்கினால் முதல் திரை வேகம் பிடிக்கும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். பிரேக் பிடித்திருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்குவதுதான் இது. முதலில் பசையைக் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் சோம்பினால் மட்டுமே முறுக்கு.

நெகட்டிவ் சொல்லும் ஜாதகம்

சோதிக்காமல் எடுத்தே விட்டீர்கள் என்றால், கழுவி வந்த நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியா (பிரின்ட்டில் அது வெள்ளையாகத் தெரியும்)? திரைத்துணியில் ஊசித்துளை. ரப்பர் பூசிய துணி வயதாகி வெடித்திருக்கும். லென்ஸை மூடாமல் வெயிலில் வைத்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவானால், பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது போல லென்ஸே அதைப் பொசுக்கியிருக்கும். இருட்டறையில் திரைக்கு ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து மறுபக்கம் பாருங்கள். துளை இருந்தால் நட்சத்திரம்போல மின்னும். முறுக்கிய நிலையிலும் முறுக்காத நிலையிலும் பார்க்க வேண்டும். ஏனென்றால் இரண்டு நிலையிலும் கண்ணுக்குத் தெரிவது வெவ்வேறு திரை.

ஃபிளாஷ் போட்ட படங்களில் மட்டும் பாதிச் சட்டம் இருட்டா? கேமராவின் மேல் பழி போடாதீர்கள். பழைய திரை ஷட்டர்கள் பலவற்றில் 1/60-க்கு மேல் போனால் முழுச் சட்டமும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. அங்கே தவறு நம்முடையது. படத்தின் மேல் படம் ஏறியிருந்தால் அது பிலிம் நகர்த்தும் பகுதியின் கோளாறு. ஷட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முழு ரோலும் கண்ணாடிபோல வெறுமையாக, ஓரத்து எண்கள் மட்டும் தெரிந்தால், பிலிம் பல்லில் மாட்டாமல் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். லீவரை இழுக்கும்போது இடப்பக்கம் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த ஏமாற்றம் இல்லை.

இதழ் ஷட்டரின் பிடிவாதம்

இதழ் ஷட்டரில் எண்ணெய்தான் முதல் எதிரி. அந்த இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று வறண்ட நிலையில் சறுக்க வேண்டும். பக்கத்தில் இட்ட கிரீஸ் வெயிலில் இளகி இதழில் படர்ந்துவிட்டால், நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் வழியே சாய்த்துப் பார்த்தால் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். பட்டனை அழுத்துவீர்கள், உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்கும், இதழ் திறக்காது. இந்தக் கட்டுரையின் தலைப்பு பிறந்தது அங்கேதான்.

பழைய கேமராக்களில் இன்னொரு கண்ணி, செல்ஃப் டைமர். லென்ஸ் ஓரத்தில் சின்ன லீவர். சிலவற்றில் 'வி' என்று போட்டிருக்கும். 'இது ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஒரு தடவை தட்டிவிடத் தோன்றும். கேமரா முழுக்க அதிகம் பயன்படாமல் கிடந்த பகுதி அதுதான். அதிகம் இறுகியதும் அதுதான். பாதி வழியில் நின்றுவிட்டால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குலாசாரம். காம்பர் ரேப்பிட் ஷட்டரில் 1/500 வேண்டுமானால் முறுக்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும்; அந்த வேகத்துக்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, முறுக்கிய பிறகு அதை மாட்டினால் அடம்பிடிக்கும். சோவியத் நாட்டு சோர்க்கி, ஃபெட் கேமராக்களிலோ நேர் எதிர்: முறுக்கிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பழுதாகும். கையேடு இல்லாமல் கைக்கு வந்த கேமராவில் இந்த ஆசாரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? எந்த இடத்திலாவது வழக்கத்தைவிட அதிகமாகப் பலம் போட வேண்டியிருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாற்பது வருடம் உடையாத பித்தளைப் பல் நாற்பது நொடி ஆத்திரத்தில் உடைந்துவிடும்.

திருப்புளியை எடுப்பதற்கு முன்

நான் எதிர்பார்த்ததைவிட எளிதில் வீட்டிலேயே தீர்கிற தொல்லை ஒன்று உண்டு. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி மேலே போய் மோதும் இடத்திலும், பின்கதவு ஓரங்களிலும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். வயதானால் அது தார்போலக் குழைந்துவிடும். கண்ணாடி அதில் ஒட்டிக்கொண்டு கீழே வராது. பார்ப்பவர் ஷட்டர் சிக்கிவிட்டது என்பார். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் துளி தொட்டு, பொறுமையாகத் துடைத்தெடுத்து, புதுப் பட்டை ஒட்டினால் தீர்ந்தது. துகள் ஷட்டர் மேல் விழாமல் ஒரு காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகடு ஷட்டரை விரலால் தொடாதீர்கள். ஸ்பிரே காற்றை அருகில் பிடித்து அடித்தாலும் தகடு பிசகிவிடும்.

ஒரு துளி எண்ணெய் விட்டால் ஓடாதா என்று கேட்காதவர் இல்லை. ஓடும், ஒரு வாரம். புது எண்ணெய் பழைய பசையைக் கரைத்து, கரைந்த குழம்பைத் திரைக்கும் இதழுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம் உலர்ந்து முன்னைவிடக் கெட்டியாகும். லைட்டர் பெட்ரோலைக் கேமராவுக்குள் ஊற்றிக் குலுக்குகிறவர்களுக்கும் இதே கதிதான். சரியான வழி, பகுதியைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, கடிகார எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு அச்சுமுனைகளில் மட்டும் வைப்பது. ஒரு கேமரா முழுமைக்கும் ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது.

நாமே கழற்றலாமா? என் தீர்ப்பு: இருநூறு ரூபாய்க்கு வாங்கிய உடைசல் கேமராவில் பழகுங்கள், அப்பாவின் கேமராவில் பழகாதீர்கள். ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் திருகுகள் ஜே.ஐ.எஸ். அளவில் செய்தவை. நம் பெட்டியில் இருக்கும் பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் தலையை வழித்துவிடும். சில திருகுகளின் மரை எதிர்ப்பக்கமாக ஓடும். கழற்றுகிறேன் என்று இறுக்கி ஒடிப்பவர்கள் நிறைய. ஃபிளாஷ் சேர்ந்தே வரும் சின்ன கேமராக்களைத் திறக்கவே வேண்டாம். அதிலுள்ள கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

எல்லாவற்றையும் சரிசெய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழைய கேமராவில் 1/1000 என்று எழுதியிருக்கும். அளந்தால் 1/700 காட்டும். அரை ஸ்டாப் வித்தியாசம்தான். வெளிச்சம் சற்றுக் கூடிப்போவதை நெகட்டிவ் பிலிம் மன்னித்துவிடும். ஸ்லைடு பிலிம்தான் மன்னிக்காது. 1/30 முதல் 1/500 வரை ஒழுங்காக ஓடுகிற கேமராவை, கடைசி எண்ணுக்காகப் பிரித்துப் போடச் சொல்கிற மெக்கானிக்கை நான் சந்தேகப்படுவேன்.

என் ஊட்டிக் கேமராவை அந்த மாடிப்படிப் பெரியவரிடம்தான் கொடுத்தேன். மோந்து பார்த்தார், எண்ணெய் வாசனை இல்லை, முகம் மலர்ந்தது. மெதுவேகப் பல்சக்கரப் பெட்டியை மட்டும் தனியே கழற்றிக் கழுவினார். திருப்பித் தரும்போது சொன்னார்: "மாசத்துக்கு ஒரு தடவை, பிலிம் இல்லாம, எல்லா வேகத்துலயும் பத்துப் பத்துத் தடவை தட்டுங்க சார். சும்மா வெச்சிருந்தா எதுவும் இறுகத்தான் செய்யும்."

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றிக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். தோல் உறையைத் தூர வையுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் ஏறுகிறது. கேமராவை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில், ஷட்டரை முறுக்காமல் வையுங்கள். டைமரை மட்டும் தொட வேண்டாம்.